உஷார்! சயனைடு மேட்டைக் கிளறும் முன் ஏரிப் பூச்சியை எண்ணிவிடுங்கள்

மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப், ஊரிகம், கோரமண்டல், ஆண்டர்சன்பேட்டை, ராபர்ட்சன்பேட்டை என்று கோலார் தங்கவயலில் எந்த லைனில் இருந்தாலும் இதைப் படித்துவிட்டுப் பக்கத்து வீட்டிலும் கொடுங்கள். அவசரமான விஷயம்.

நம் ஊரைச் சுற்றி நிற்கும் 13 சயனைடு மேடுகளிலிருந்து, அதாவது தங்கம் பிரித்தபின் கொட்டிய கழிவு மண்ணிலிருந்து, மறுபடி தங்கம் பிரிக்கும் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் கொடுத்தது. சுமார் 1,003 ஏக்கர், ஏறத்தாழ 3 கோடியே 30 லட்சம் டன் மண். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டதிலிருந்து விடியற்காலை ரயிலைப் பிடித்து பெங்களூருக்கு ஓடி ஓடி ஒரு தலைமுறை தேய்ந்துவிட்டது. வாசலிலேயே வேலை வரும் என்றால் யாருக்குத்தான் ஆசை இருக்காது? எனக்கும் உண்டு. ஆனால் அந்த மேட்டில் முதல் இயந்திரம் கைவைப்பதற்கு முன்னால் நாம் முடித்தாக வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. நம் ஏரிகளில் இன்று என்னென்ன பூச்சி உயிரோடு இருக்கிறது என்று எண்ணி எழுதி வைக்க வேண்டும். கொசுவையோ தட்டானையோ சொல்லவில்லை. தண்ணீரில் வெள்ளைப் புள்ளியாகத் துள்ளுமே, அதைச் சொல்கிறேன். விஞ்ஞானிகள் அதைக் கோப்பிபாட் என்கிறார்கள். தமிழில் துடுப்புக்காலி.

சிரிக்கத் தோன்றும். மூவாயிரம் மீட்டருக்கும் கீழே இறங்கித் தங்கம் வெட்டிய ஊரில் பூச்சி எண்ணச் சொல்கிறானே என்று. கொஞ்சம் பொறுங்கள்.

பேத்தமங்கலம் ஏரித் தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் மொண்டு, பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் அளவில், சில சமயம் அதில் பாதியாக, விட்டு விட்டுத் துள்ளும் புள்ளிகள் தெரியும். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் இருந்தால் வேடிக்கை இன்னும் கூடும். சைக்ளோப்ஸ் வகைக்கு நெற்றியில் ஒற்றைக் கண். பெண் பூச்சிக்கு வாலின் இரண்டு பக்கமும் இரண்டு முட்டைப் பைகள், சைக்கிளின் இருபுறமும் குடம் கட்டித் தண்ணீர் கொண்டுவரும் நம் ஊர் ஆளைப் போல. மீசை குட்டையாக இருக்கும். இன்னொரு வகையும் அதே டம்ளரில் இருக்கலாம். உடம்பு நீளத்துக்கே மீசை, முட்டைப் பை ஒன்றே ஒன்று, நடுவில். அது கேலனாய்டு. இது மீசையை இரு பக்கமும் விரித்தபடி சற்று நேரம் மிதக்கும், பிறகு சட்டென்று ஒரு துள்ளல். மூன்றாவதாக ஹார்பாக்டிகாய்டு என்று ஒன்று உண்டு. அடிச் சேற்றில் ஊர்கிறது, டம்ளரில் மாட்டுவது அபூர்வம்.

உலகம் முழுக்க நன்னீரில் மட்டும் சுமார் 2,800 இனம் கண்டிருக்கிறார்கள். கடலில் இருப்பது தனிக் கணக்கு. நம் பக்கத்து ஏரி, குளங்களில் மீசோசைக்ளோப்ஸ், தெர்மோசைக்ளோப்ஸ், ஹீலியோடயாப்டோமஸ் போன்ற பெயர்கள் அடிபடும். இவற்றில் சைக்ளோப்ஸ் கூட்டம் ஊர் ஊராகப் பரவிக்கிடக்கும், எந்தச் சாக்கடையிலும் சமாளித்துக்கொள்ளும். நீள மீசைக் கேலனாய்டுகள் அப்படியில்லை. பல இனங்கள் குறிப்பிட்ட வட்டாரத்தை விட்டு வெளியே போவதில்லை. ஆந்திரத்துக் கொல்லேரு ஏரியின் பெயரையே வாங்கிக்கொண்ட ஒரு ஹீலியோடயாப்டோமஸ் இருக்கிறது. அதைப் போன்றவற்றைப் பிரித்துப் பெயர் வைப்பதிலேயே காலத்தைச் செலவிட்டவர் குண்டூர் பக்கம் ஆச்சார்யா நாகார்ஜுனா பல்கலைக்கழகத்தின் ஒய். ரங்கா ரெட்டி. ஆண் பூச்சியின் ஐந்தாவது ஜோடிக் காலை நுண்ணோக்கியின் கீழ் பிரித்துப் பார்த்தால்தான் இனம் உறுதியாகும். அந்தப் பொறுமை நமக்கு வராது. நல்லவேளை, எச்சரிக்கை மணியைக் கேட்க அது தேவையுமில்லை. நீள மீசை எத்தனை, குட்டை மீசை எத்தனை என்ற விகிதமே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

தண்ணீரில் உரச்சத்து ஏறும்போது, அதாவது சாக்கடையும் சோப்பும் வயல் உரமும் சேரும்போது, பொதுவாக நீள மீசைக் கூட்டம் குறைந்து குட்டை மீசைக் கூட்டம் பெருகும். கூடவே ரோட்டிஃபர் என்ற இன்னும் பொடிசான உயிர்கள் மண்டும். ஏரி பச்சை பூத்து, நாற்றமடித்து, மீன் மிதப்பதெல்லாம் பிறகு. உலோகம் கலந்தால் கதை வேறு. அப்போது பெரியவை தாங்கினாலும் நாப்ளியஸ் எனப்படும் குஞ்சுகள் முதலில் அடிபடும். முட்டைப் பையோடு பெண் பூச்சிகள் இருக்கும், குஞ்சுகள் இருக்காது. அப்படிப்பட்ட டம்ளரைப் பார்த்தால் உஷாராகிவிட வேண்டும்.

இப்போது மேட்டுக்கு வருகிறேன். சயனைடு மேடு என்று பெயர் வைத்ததால் நாம் சயனைடை மட்டுமே நினைத்துப் பயப்படுகிறோம். வெயிலிலும் காற்றிலும் கிடந்த சயனைடு காலப்போக்கில் பெரும்பாலும் சிதைந்து போகும். பயப்பட வேண்டியது அதோடு கிடக்கும் மற்றவற்றுக்கு. தங்கத் தாதுவில் கந்தகமும் ஆர்செனிக்கும் சேர்ந்த கனிமங்கள் உண்டு. அவற்றை மாவாக அரைத்து மலையாகக் கொட்டிவைத்திருக்கிறோம். கந்தகக் கனிமத்தில் காற்றும் மழையும் பட்டால் அமிலம் பிறக்கும், அமிலம் உலோகத்தைக் கரைத்துக்கொண்டு ஓடும். மேட்டின் சரிவில் மழை கீறிய வாய்க்கால்களைப் பாருங்கள். அந்த மண் எங்கே போயிருக்கிறது? ஓடைக்கு, ஓடையிலிருந்து கீழேயுள்ள குட்டைக்கு. காய்ந்து இறுகிய மேற்பரப்புக்கே இந்தக் கதி என்றால், அதை வெட்டி, கரைத்து, மறுபடி ரசாயனத்தில் ஊறவைக்கும்போது என்ன ஆகும்?

எதுவும் ஆகாது, நவீன முறை வந்துவிட்டது என்பார்கள். இருக்கலாம். நாளைக்கு ஏரியில் கோளாறு வந்தால் 'இது முன்னாலேயே இப்படித்தான் இருந்தது' என்று ஒரு வாக்கியத்தில் கையைக் கழுவிவிடுவார்களே, அதற்கு நம்மிடம் என்ன பதில்? முன்னால் எப்படி இருந்தது என்ற எழுத்து நம் கையில் இருந்தால்தான் வாதாட முடியும். தண்ணீரில் கரைந்த ஆர்செனிக்கை ஆய்வுக்கூடத்தில் ஒரு நாள் அளந்தால் அந்த ஒரு நாளின் நிலைமைதான் தெரியும். பூச்சிக் கூட்டமோ மாதக்கணக்கில் அந்தத் தண்ணீரிலேயே கிடந்து அனுபவித்தது. இரண்டும் வேண்டும். யாராவது ஒரு கல்லூரி விலங்கியல் துறையில் பழைய மாணவர் திட்ட அறிக்கை எதுவும் அலமாரியில் தூங்கினால், தயவுசெய்து அதை முதலில் வெளியே எடுங்கள்.

மேடு மட்டும்தான் தலைவலி என்றும் இல்லை. 2018 ஜூனில் கே.சி. வேலி திட்டத்தைத் தொடங்கினார்கள். பெங்களூரின் சாக்கடை நீரை இரண்டாம் கட்டம் வரை சுத்திகரித்து, நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் என்ற கணக்கில் கோலார் மாவட்ட ஏரிகளுக்கு ஏற்றும் திட்டம். அடுத்த மாதமே லட்சுமிசாகர ஏரியில் நுரை பொங்கி, வழக்கு உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் வரை போனது. வறண்ட மாவட்டத்தில் விவசாயிகளின் கிணற்றில் தண்ணீர் ஊறியது, அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் இரண்டாம் கட்டச் சுத்திகரிப்பு நைட்ரஜன், பாஸ்பரஸ் இரண்டையும் முழுசாக எடுப்பதில்லை. நம் பக்கத்து ஏரிகள் தனித்தனியாக இருப்பவையும் அல்ல. மேல் ஏரி கலங்கல் வழிந்து கீழ் ஏரிக்கு, அங்கிருந்து இன்னும் கீழே என்று பாலாற்றை நோக்கிச் சங்கிலியாக இறங்குகின்றன. பாலாறு கர்நாடகத்தில் 93 கிலோமீட்டரும் ஆந்திரத்தில் 33 கிலோமீட்டரும் ஓடிவிட்டுத் தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டர் போகிறது. வாணியம்பாடி, ஆம்பூர், வேலூரில் இருக்கும் நம் சொந்தக்காரர்களும் இந்தக் கணக்கில் சேர்த்திதான். அவர்கள் பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவால் பட்ட பாடு போதாதா?

அடுத்த உஷார், தூர் வாருகிறவர்களுக்கு. கோலாரில் ஏரி வறண்டு பிளந்து கிடப்பது புதிதில்லை. வறண்ட ஏரியில் மழை விழுந்த சில நாளில் எங்கிருந்து பூச்சி வருகிறது என்று யோசித்ததுண்டா? சேற்றிலிருந்துதான். பல கேலனாய்டுகள் வறட்சி வருமுன் தடித்த ஓடு கொண்ட முட்டைகளை இட்டு அடியில் புதைத்துவிடும். அவை வருஷக்கணக்கில் உறங்கும். அமெரிக்காவில் ரோட் தீவு மாநிலத்துக் குளம் ஒன்றின் அடிச் சேற்றிலிருந்து எடுத்த முட்டைகளில் முந்நூறு வருஷத்துக்கும் மேல் பழையவை பொரிந்திருக்கின்றன. சைக்ளோப்ஸ் முட்டையாக இல்லாமல் பாதி வளர்ந்த பருவத்திலேயே சேற்றுக்குள் சுருண்டு படுத்துக்கொள்ளும். ஆக, ஏரியின் மேல் வண்டல்தான் அதன் விதை நெல். நாமோ ஜேசிபியை இறக்கி ஒரே வாரத்தில் சுத்தமாக வழித்தெடுத்து, வண்டலை வயலுக்கும் செங்கல் சூளைக்கும் ஏற்றிவிடுகிறோம். தூர் வார வேண்டாம் என்று சொல்லவில்லை. பாண மன்னர்கள் காலத்தில் விஜயாதித்தமங்கலம் என்று பெயர் பெற்றிருந்த பேத்தமங்கலத்தின் ஏரியை உடைந்தபோதெல்லாம் கட்டி, வாரி, காப்பாற்றியதால்தான் அது இன்றும் ஏரியாக இருக்கிறது. ஆனால் ஒரே சமயத்தில் முழு ஏரியையும் சுரண்டாதீர்கள். கால்வாசியையாவது அந்த வருஷம் தொடாமல் விடுங்கள். ஒப்பந்தப் பத்திரத்தில் இதை எழுத வைப்பது வார்டு உறுப்பினர் நினைத்தால் முடிகிற காரியம்.

அப்புறம் மீன் விடுகிறவர்கள். கொசு ஒழிப்பு என்ற பெயரில் கம்பூசியா மீனை வாளி வாளியாக ஏரியில் கொட்டுவது நிற்க வேண்டும். 1928-லேயே இந்தியாவுக்குக் கொண்டுவந்த அயல்நாட்டு மீன் அது. கொசுப் புழுவைத் தின்னும், சரி. அதைவிட ருசித்துத் துடுப்புக்காலியைத் தின்னும். பாசியை மேயும் பூச்சி போனால் பாசி மண்டும். இதில் ஒரு வேடிக்கை, மீசோசைக்ளோப்ஸே கொசுக் குஞ்சைப் பிடித்துத் தின்னும் ஜாதி. வியட்நாம் கிராமங்களில் தண்ணீர்த் தொட்டியிலும் ஜாடியிலும் அதை விட்டு டெங்கு கொசுவை விரட்டியிருக்கிறார்கள். சும்மா கிடைத்த காவல்காரனைக் கொன்று கூலிக்கு வேறு ஆள் பிடிக்கிறோம். மீன் குத்தகை எடுத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை: துடுப்புக்காலியில் ஒட்டுண்ணியும் உண்டு. லெர்னியா, நங்கூரப் புழு என்பார்கள். கட்லா, ரோகு உடம்பில் நூல் தொங்குவதுபோல் குத்தி நிற்கும். வெளியூர் மீன்குஞ்சை வாங்கி வந்ததும் ஏரியில் கொட்டாமல், தனித் தொட்டியில் சில நாள் வைத்துப் பார்த்துவிட்டு விடுங்கள்.

இவ்வளவு படித்த பிறகு வீட்டில் இருப்பவர்கள் கேட்கப்போவது ஒன்றுதான்: இந்தப் பூச்சி இருக்கிற தண்ணீரைக் குடிக்கலாமா?

பெரியவர்களுக்குச் சைக்ளோப்ஸ் என்றதும் நரம்புச் சிலந்தி ஞாபகம் வரும். காலில் கொப்புளம் வெடித்து, முழ நீளத்துக்கு வெள்ளைப் புழு எட்டிப் பார்க்கும், குச்சியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி இழுப்பார்கள். அந்தப் புழுவின் குஞ்சு வளர்வது சைக்ளோப்ஸ் வயிற்றில். 1870 வாக்கில் ஃபெட்சென்கோ என்ற ரஷ்யர் கண்டுபிடித்தது. கர்நாடகமும் தமிழ்நாடும் அந்த நோய் இருந்த மாநிலங்கள். நம் பழைய மைசூர் சமஸ்தானத்தில் 1930-களில் வி.என். மூர்த்தி என்ற சுகாதாரத் துறை மருத்துவர் சித்ரதுர்கா பக்கம் படிக்கிணறுகளை ஆராய்ந்து, சின்ன மீன்களை விட்டுச் சைக்ளோப்ஸைக் குறைத்துக் காட்டினார். படிக்கிணற்றுக்கு அது சரியான வைத்தியம். ஏரிக்கு அதையே செய்வதுதான் பிசகு. 1980-களில் நாடு முழுக்க இயக்கமாக எடுத்து, படிக்கிணறுகளை மாற்றி, துணியால் வடிகட்டச் சொல்லி, டெமிஃபாஸ் மருந்து ஊற்றி ஒழித்தார்கள். இந்தியாவின் கடைசி நோயாளி 1996 ஜூலையில் ராஜஸ்தானில். 2000-இல் உலக சுகாதார நிறுவனம் நோய் இல்லாத நாடு என்று சான்று கொடுத்தது. ஆகவே டம்ளரில் சைக்ளோப்ஸைப் பார்த்து நரம்புச் சிலந்தி வந்துவிடும் என்று யாரும் பீதியைக் கிளப்ப வேண்டாம். வாட்ஸ்அப்பில் அப்படி வந்தால் அனுப்பாதீர்கள்.

பயப்பட வேண்டியது வேறு இடத்தில். காலரா கிருமி இந்தப் பூச்சிகளின் ஓட்டில் ஒட்டிக்கொண்டு வாழும். ரீட்டா கோல்வெல் என்ற அமெரிக்க விஞ்ஞானியும் வங்கதேசத்து ஆய்வாளர்களும் இதைப் பின்தொடர்ந்து, மட்லாப் பகுதியில் 65 கிராமங்களில் பழைய சேலையைப் பல மடிப்பாக மடித்துத் தண்ணீரை வடிகட்டச் செய்தார்கள். 2003-இல் வெளிவந்த முடிவு: காலரா கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது. புதுத் துணியைவிடத் துவைத்துத் துவைத்து நூல் பருத்த பழைய பருத்திச் சேலையே நன்றாகப் பிடித்தது. நம் அம்மாக்கள் குடத்து வாயில் கட்டிய துணி வெறும் பழக்கமல்ல.

இங்கேதான் டேங்கர் தண்ணீர் வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டும். சுரங்கம் ஓடிய காலத்தில் பேத்தமங்கலத்துத் தண்ணீர் வடிகட்டப்பட்டுக் காலனிக் குழாய்க்கு வந்தது. இப்போது டேங்கர் எந்தக் கிணற்றில், எந்தக் குட்டையில் நிரப்பிக்கொண்டு வருகிறது என்பது ஓட்டுநருக்கு மட்டும் வெளிச்சம். 'பிளீச்சிங் போட்டாச்சு' என்பார். பாக்டீரியாவைக் கொல்லும் அளவு குளோரினுக்குத் துடுப்புக்காலி அசைந்து கொடுப்பதில்லை. அதன் ஓட்டிலும் வயிற்றிலும் ஒளிந்த கிருமியும் தப்பிவிடும். முதலில் வடிகட்டல், பிறகு குளோரின், அதுதான் வரிசை. டேங்கர் தண்ணீரைத் தொட்டியில் விடும்போதே வாயில் நாலு மடிப்புத் துணி கட்டுங்கள். குடிக்க எடுப்பதைக் கொதிக்க வையுங்கள். துணியைப் பிழிந்து வெயிலில் காயப் போடுங்கள், ஈரத்தோடு சுருட்டி வைத்தால் நாமே கிருமியை வளர்க்கிறோம்.

ஆனால் ஒன்று, துணியும் கொதிநீரும் ஆர்செனிக்கை எடுக்காது. கோலார் நிலத்தடி நீருக்கே உரிய ஃபுளோரைடையும் எடுக்காது. கொதிக்கவைத்தால் தண்ணீர் சுண்டி, அது இன்னும் செறிவுதான் ஆகும். மேட்டுக்குப் பக்கத்தில் ஆழ்துளைக் கிணறு வைத்திருப்பவர்கள் பூச்சியே இல்லாத பளிங்குத் தண்ணீர் வருகிறது என்று பெருமைப்பட வேண்டாம். ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புங்கள். இடையில் ஒரு செய்தி: நிலத்தடியிலும் கண்ணில்லாத, நிறமில்லாத துடுப்புக்காலிகள் வாழ்கின்றன. கிருஷ்ணா, கோதாவரிப் பக்கம் ரங்கா ரெட்டி அப்படிப் பல புது இனங்களை எடுத்திருக்கிறார். நம் மேட்டுக்கடியில் என்ன இருந்ததோ, என்ன மிச்சமோ.

எண்ணுவது எப்படி? பெரிய செலவில்லை. அறுபது மைக்ரான் நைலான் வலைத்துணியில் தைத்த கூம்பு வலை, ஒரு வாளி, மூடியுள்ள பாட்டில்கள். ஐம்பது லிட்டர் தண்ணீரை அளந்து வலையில் ஊற்றினால் பூச்சியெல்லாம் அடியில் சேரும். அதில் ஃபார்மலின் ஊற்றிப் பாதுகாக்கும் வேலையை ஆசிரியர்தான் செய்ய வேண்டும். கையில் பட்டாலும் மூச்சில் போனாலும் கெடுதல், பிள்ளைகளிடம் கொடுத்துவிடாதீர்கள். பாட்டிலில் ஏரியின் பெயர், இடம், தேதி, நேரத்தைப் பென்சிலால் எழுதிய சீட்டு இருக்கட்டும். பேனா மை கரைந்துவிடும். கோடையில் ஒருமுறை எடுத்துவிட்டு ஓயக்கூடாது. மழை, வெயில், மீன் எல்லாமே இந்த விகிதத்தை ஆட்டும். மே மாதம் ஒருமுறை, மழை முடிந்து நவம்பர், டிசம்பரில் ஒருமுறை, முடிந்தால் இடையிலும். பேத்தமங்கலம், ராமசாகரம் போன்ற பெரிய ஏரிகளில் ஒவ்வொன்றிலும் மூன்று இடம்: தண்ணீர் வரும் வாய், நடு, கலங்கல். அதோடு மேட்டின் சரிவுத் தண்ணீர் போய்ச் சேரும் குட்டை கட்டாயம், மேட்டுத் தண்ணீர் படாத ஒரு குட்டை ஒப்பிட. பாட்டில்கள் இரண்டு செட். ஒன்று கல்லூரியில் இருக்கட்டும், இன்னொன்று ஊர்ச் சங்கத்தில், ரசீதோடு.

கடைசியாக, என்றாவது காலையில் மீன் செத்து மிதந்தால். விடியும் நேரத்தில்தான் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு, அதனால் பெரும்பாலும் விடிந்ததும்தான் கண்ணில் படும். ஆட்கள் வந்து செத்த மீனை அள்ளிவிட்டுச் சுண்ணாம்பும் பிளீச்சிங்கும் தூவுவதற்கு முன்னால் இரண்டு சுத்தமான பாட்டிலில் தண்ணீரையும் ஒரு பாட்டிலில் வலைப் பூச்சியையும் எடுங்கள். தேதியும் நேரமும் தெரிகிற மாதிரி போனில் படம் எடுங்கள். பாட்டிலை ஐஸில் வைத்து அன்றைக்கே மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில் எழுத்து மூலமாகக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.